எட்டு டம்ளர் தண்ணீர்

கேள்வி ஒரே வரிதான். "இப்படிப்பின் வழியே நீங்கள் அடைந்த தனிப்பட்ட வளர்ச்சி பற்றி ஆயிரம் சொற்களில் எழுதுக." கத்திரி அதைச் சமையலறை மேசையில் வைத்து மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை காது மடல் சுட்டது. வளர்ச்சியாம், வளர்ச்சி! பக்கத்து அறையில் நாத்தனார் எலும்பும் தோலுமாகப் படுத்திருக்கிறாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே தொழிற்சாலையிலிருந்து கடிதம். வியாழக்கிழமை விசாரணை, அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். இந்த லட்சணத்தில், நான் எப்படியெல்லாம் வளர்ந்தேன் தெரியுமா என்று உட்கார்ந்து கதை அளக்க வேண்டுமாம்.

கத்திரி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. சட்டை தைக்கிற தொழிற்சாலையில், நாலாவது லைனின் கடைசி மேசையில், பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டு, தைத்து வரும் சட்டைகளைச் சோதிக்கிறவள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்னக் கத்திரி தொங்கும். சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை அதனால் நறுக்குவாள். பெயர் அதனால் வந்தது என்று அவள் சொல்லுவாள். வாயால் வந்தது என்று லைனில் சொல்லுவார்கள். லைனில் சொல்வதுதான் சரி. காலரில் ஒரு தையல் விட்டுப் போயிருந்தால் போதும், "இதைப் போட்டுக்கிட்டு உன் வீட்டுக்காரர் பொண்ணு பார்க்கப் போவாரா?" என்று முப்பத்தாறு பேருக்கும் கேட்கும்படி கேட்பாள். திட்டு வாங்கினவளே சிரித்துவிட்டுப் பிரித்துத் தைப்பாள். ஆறு வருடத்துக்கு முன்னால் கணவனின் தங்கையை அதே லைனில் கொண்டுவந்து சேர்த்ததும் அவள்தான். நாத்தனாருக்குக் கைப்பட்டி வைக்கிற மெஷின். சோதிக்கிறவள் அண்ணி என்பதற்காக அவளுக்கு ஒரு சலுகையும் கிடைத்ததில்லை, திட்டில் பங்கு மட்டும் குறையாமல் கிடைத்தது.

அந்த லைனில் ஓர் ஏற்பாடு உண்டு. முப்பத்தாறு பெண்களுக்கு ஒரே ஒரு மஞ்சள் அட்டை. கழிப்பறைக்குப் போகிறவள் சூப்பர்வைசர் மேசையிலிருந்து அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் வந்து அட்டையைத் திருப்பி வைத்த பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் சூப்பர்வைசர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். கீழ் மாடிக்குப் போய்வர ஐந்து நிமிஷம். அதற்குள் போனவளின் மெஷின் முன்னால் துணி குவிந்துவிடும், அதற்கு அடுத்த மெஷினில் இருப்பவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மணிக்கு இத்தனை சட்டை என்கிற டார்கெட் சரிந்துவிடும். போகாதே என்று யாரும் தடுக்க வேண்டியதே இல்லை. திரும்பி வரும்போது பக்கத்து மெஷின்காரி பார்க்கிற பார்வையே போதும். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். புதிதாக வருகிறவளுக்கு அந்தப் பாடத்தை நடத்துவதும் கத்திரிதான்: "காலையில அரை கப் டீ. மத்தியானம் ரெண்டே மடக்கு. நாக்கு வறண்டா உதட்டை நனைச்சுக்கோ. ஒரு மாசம் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்." இதை அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். நினைத்தால் இப்போது அவளுக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருடம், சட்டை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தபோது, தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். உடனே எச்.ஆர். அதிகாரிக்கு ஞானம் பிறந்தது. லைனிலிருந்தே ஒருத்தியைச் சுகாதார மேம்பாட்டு டிப்ளமோ படிக்க அனுப்புவது, அவள் பாஸானதும் நலவாழ்வு அலுவலர் ஆக்குவது என்று முடிவானது. தனி அறை, மேசை, நாற்காலி. பள்ளிக்கூடத்தில் கடைசி வரை படித்த ஒரே ஆள் என்பதால் கத்திரிக்கு அந்த யோகம் அடித்தது. சனிக்கிழமைதோறும் வகுப்பு. சுற்றிலும் நர்ஸுகளும், நேற்றுக் கல்லூரியை விட்டு வந்த பிள்ளைகளும்.

முதல் வாரமே வாயைக் கொடுத்தாள். மக்களின் நோய்க்குக் காரணம் விழிப்புணர்வு இல்லாததுதான் என்று விரிவுரையாளர் அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். கத்திரி எழுந்தாள். "மேடம், பசிக்கிறவனுக்குச் சாப்பாட்டைப் பத்தி விழிப்புணர்வு குடுத்தா வயிறு நிறைஞ்சிடுமா?" வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்தார், கோபப்படவில்லை, அதுதான் வினை. "உங்ககிட்ட நிறைய ஆற்றல் இருக்கு. ஆனா அது கோபமா வெளிய வருது. இந்தப் படிப்பு முடியறதுக்குள்ள நீங்க ரொம்ப வளர்ந்திடுவீங்க பாருங்க" என்றார். வாராவாரம் சிந்தனைக் குறிப்பு என்று ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். "இந்த வாரம் மூன்று முறை எனக்குக் கோபம் வந்தது. மூன்று முறையும் அடக்கினேன்" என்று கத்திரி எழுதினாள். அதன் பக்கத்தில் விரிவுரையாளர் பச்சை மையில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். நாற்பத்தொரு வயது வரைக்கும் அவளுக்கு யாரும் நட்சத்திரம் போட்டதில்லை. பேருந்தில் அந்தத் தாளை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு விழுந்தவள்தான்.

அதற்கப்புறம் அவள் அடக்கின அடக்கு கொஞ்சமா? லைனில் திட்டுவதை நிறுத்தினாள். சூப்பர்வைசரிடம் "பரவாயில்லை சார்" என்றாள். வீட்டில் பஸ் மெக்கானிக்கான கணவன்கூட, "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். அவள் பொறுமையாகச் சிரித்தாள்.

செய்முறைத் திட்டத்துக்குத் தலைப்பு எடுக்கச் சொன்னபோது, விரிவுரையாளரே ஒன்றைக் கொடுத்தார்: போதுமான தண்ணீர் குடிக்கும் பழக்கம். செலவில்லாதது, எண்ணிக்கையில் அளந்து காட்டக்கூடியது. கத்திரி நீல நிறத்தில் ஒரு பெரிய சுவரொட்டி வரைந்து ஒட்டினாள். எட்டு டம்ளர், எட்டுக்கும் சிரித்த முகம். மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் பேசினாள். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்காரி ஒருத்தி, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டாள்: "எட்டையும் குடிச்சுட்டு எங்கக்கா போறது? உங்க கழுத்துலயா?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழைய கத்திரியாக இருந்தால் அவளும் சிரித்து, நேரே சூப்பர்வைசர் மேசையைப் பார்த்து நாலு வார்த்தை கத்தியிருப்பாள். வளர்ந்த கத்திரி என்ன சொன்னாள் தெரியுமா? "தடைகளைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல நம்ம மனசு மாறணும்." இதைச் சொன்ன வாயை இப்போது என்ன செய்தால் தகும்?

மூன்று வாரம் முடிந்ததும் படிவம் கொடுத்து எழுதி வாங்கினாள். முதலில் வாங்கின படிவத்தில் ஒன்று, இரண்டு, அபூர்வமாக மூன்று டம்ளர் என்று இருந்தது. இந்தத் தடவை முப்பத்தாறு பேரும் எட்டு என்று எழுதியிருந்தார்கள். ஒருத்திகூட ஏழு இல்லை, ஒன்பது இல்லை. கழிப்பறை வசதி திருப்தியா என்ற கேள்விக்கு முப்பத்தாறு பேரும் ஆம். கீழே கையெழுத்து.

அவளுடைய தொழிலே குறை கண்டுபிடிப்பது. வரிசையாக முப்பத்தாறு சட்டை ஒரு குறையும் இல்லாமல் வந்தால், தைத்தவள் கெட்டிக்காரி என்று எந்தச் செக்கரும் நினைக்க மாட்டாள், நாம்தான் தூங்கிவிட்டோம் என்று நினைப்பாள். அந்தக் கட்டைக் கையில் எடுத்த நொடியே கத்திரிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், படிவங்களின் ஓரத்தைத் தட்டி ஒழுங்குபடுத்தி, உறையில் போட்டு, சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். தொழிற்சாலையில் படிவங்களுக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, முடிவைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

நாலு மாதம் கழித்து நாத்தனார் மெஷின் மேலேயே சாய்ந்தாள். குளிர் ஜுரம், இடுப்பில் பிடுங்குகிற வலி. கிருமி சிறுநீர்ப்பையில் ஆரம்பித்து இரண்டு சிறுநீரகத்துக்கும் ஏறியிருந்தது. நீண்ட நாள் தண்ணீர் குடிக்காததும் மணிக்கணக்கில் அடக்கி வைத்ததும்தான் காரணம், வேலைச் சூழலோடு தொடர்புடையது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டால் எத்தனை நாள் விடுப்பானாலும் வேலை அப்படியே இருக்கும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் முன் அனுமதியில்லாமல் பதினோரு நாள் வராதவள் கணக்கில் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வந்த கடிதத்தில் அச்சுப் பிசகாமல் இப்படி இருந்தது: "தாங்கள் தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் அருந்துவதாகவும், கழிப்பறை வசதி திருப்தியாக உள்ளதாகவும் தாங்களே கையொப்பமிட்டுள்ளீர்கள்."

கத்திரி பேனாவை வைத்துவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

"ஏன்டி எட்டுன்னு எழுதின?"

நாத்தனார் சுவர்ப் பக்கம் பார்த்தாள். "நீங்க பாஸாகணும்னுதான் அண்ணி. எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். ஆளுக்கொரு நம்பர் போட்டா உங்களுக்கு மார்க்கு குறைஞ்சிடும்னு அந்த ஓவர்லாக்காரிதான் சொன்னா. நம்ம லைன்லேருந்து ஒருத்தி நாற்காலியில உக்காரட்டுமேன்னு எல்லாருக்கும் ஆசை."

கத்திரி போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள். எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அறை தயாராகிவிட்டதாம். சன்னல் ஓரத்து மேசை, சுழல் நாற்காலி. "உக்காந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் நின்ற காலுக்கு அது சொர்க்கமாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததே என்றுதான் அவளுக்கு ஆத்திரம். அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு சம்பிரதாயம்தான். படிவங்களை நீங்க முறைப்படி வாங்கினீங்க, அதுல இருக்கறதெல்லாம் உண்மைன்னு ஒரு கையெழுத்து. உங்க சொந்தக்காரங்கங்கறதால உங்களுக்குச் சங்கடமா இருக்கும், புரியுது. அவங்களுக்கு வேற எங்கயாவது நானே சொல்லி விடறேன்."

"வியாழக்கிழமை தரேன் சார்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். தரேன் சாராம், தரேன் சார்! சூடு, சொரணை எல்லாவற்றையும் வாராவாரம் ஒரு நட்சத்திரத்துக்கு விற்றுத் தின்றாகிவிட்டதா?

புதன்கிழமை மாலை விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தாள். நின்ற மேனிக்கு எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "ஆய்வுன்னா குறைபாடு இருக்கத்தான் செய்யும். 'இத்தரவுகளுக்குச் சில வரம்புகள் உண்டு'ன்னு கட்டுரையில ஒரு வரி சேர்த்துடுங்க. அது போதும்."

"பொய்யின்னு சொல்றேன் மேடம். வரம்புங்கறீங்க."

"பொய்யின்னு நீங்க எழுதினா நான் திட்டத்துக்குப் பூஜ்யம் போட்டாகணும். ஒரு வருஷப் படிப்பு போயிடும். யோசிங்க. முதல் வாரம் வந்த அந்தப் பொம்பளையா இருந்தா இந்நேரம் இங்க சண்டை போட்டிருப்பாங்க. இன்னிக்கு எவ்வளவு நிதானமா பேசறீங்க! உங்ககிட்ட நான் பார்த்த பெரிய வளர்ச்சியே இந்தப் பொறுமைதான்."

நிதானமா? அவளுக்கு உள்ளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனை கொதிப்பும் வெளியில் நிதானமாகத் தெரிகிற அளவுக்கு அவளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு வந்தால் அடக்கு, கோபம் வந்தால் அடக்கு. முதலாவதைத் தொழிற்சாலை சொல்லிக் கொடுத்தது, இரண்டாவதை இந்தப் படிப்பு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எனக்கு வளர்ச்சி போதும் மேடம்" என்றாள். குரல் தாழ்வாரம் வரை கேட்டது. அன்று இரவே, வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல், கட்டுரையை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். அடித்தல் திருத்தல் இல்லை.

மறுநாள் விசாரணை, மேல் மாடி அறையில். மேனேஜர், எச்.ஆர். அதிகாரி, விதிப்படி வெளியிலிருந்து வரவேண்டிய தொழிலாளர் துறை அதிகாரியான ஒரு நரைத்த அம்மாள். எதிரே சால்வையைப் போர்த்திக்கொண்டு நாத்தனார். எச்.ஆர். சான்றுத் தாளைக் கேட்டார். கத்திரி கையெழுத்துப் போடாத தாளை மேசையில் வைத்துவிட்டு, கட்டுரையைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள்.

"இந்தப் படிப்பில் நான் அடைந்த வளர்ச்சி இது. முன்பு பொய்த் தையலைக் கண்டால் கத்துவேன். இப்போது முப்பத்தாறு பொய்யைக் கண்டும் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். அந்தப் படிவங்கள் பொய். நான் பாஸாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கையில் வாங்கியபோதே எனக்குத் தெரியும். நட்சத்திரத்துக்கும் நாற்காலிக்கும் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன்."

நாத்தனார் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

எச்.ஆர். முகம் கறுத்தது. "தெரிஞ்சே வாங்கினீங்கன்னா அது ஒழுங்கீனம். உங்க மேல நடவடிக்கை வரும்."

"எழுதிக்கோங்க சார். நல்லா எழுதிக்கோங்க."

"சொந்தக்காரியைக் காப்பாத்த இப்ப மாத்திப் பேசறீங்கன்னு ஏன் எடுத்துக்கக் கூடாது?" என்றார் மேனேஜர்.

கத்திரி இதற்குத்தான் காத்திருந்தாள். "எட்டு டம்ளர் குடிச்சா ஷிஃப்ட்டுல அஞ்சு தடவையாவது போகணும். போய்வர அஞ்சு நிமிஷம். முப்பத்தாறு பேருக்கு எவ்வளவு ஆகுது? பதினஞ்சு மணி நேரம். லைனுக்கு இருக்கறது ஒரு அட்டை, ஷிஃப்ட்டு ஒன்பது மணி நேரம். படிவம் எழுதின வாரம் எத்தனை பேரு போனாங்கன்னு உங்க சூப்பர்வைசர் எழுதி வெச்சிருக்காரு. கொண்டுவரச் சொல்லுங்க. நோட்டு பொய்யா, படிவம் பொய்யா? ரெண்டும் சேர்ந்து நிஜமா இருக்க முடியாது."

நரைத்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "நோட்டு வரட்டும்" என்றார்.

நோட்டு வந்தது. ஒரு நாளைக்குப் பத்தொன்பது முறை, இருபது முறை, ஒரு நாள் பதினான்கு. முப்பத்தாறு பெண்கள், ஒன்பது மணி நேரம், பதினான்கு முறை. அந்த அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அப்புறம் மேனேஜரைப் பார்த்து, "நீங்க இன்னிக்கு எத்தனை தடவை போனீங்க?" என்று கேட்டார்.

படிவங்களைக் கணக்கில் எடுக்க முடியாது, டாக்டர் எழுதினதே நிற்கும், நாத்தனாரின் வேலை அப்படியே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்தானது. அட்டை விவகாரத்தைத் தனியாக விசாரிக்க நோட்டை அந்த அம்மாள் கையோடு எடுத்துக்கொண்டார். கத்திரிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் கிடைத்தது. டிப்ளமோ போயிற்று, அறை போயிற்று. அவளுக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்ப் படிவம்தான். ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது உடம்பு லேசாக இருந்தது. பக்கத்தில் மெதுவாக நடந்து வருகிறவளின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தாள்.

நாத்தனார் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஒரு சிறுநீரகம் இனி பழையபடி ஆகாது, ஆயுசுக்கும் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அண்ணி, நாங்க பொய் எழுதினோம். அது எங்க தப்பு. ஆனா உங்களுக்கு அன்னைக்கே தெரியும்னு நான் இன்னைக்குத்தான் கேக்கறேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எனக்கு ஒண்ணுக்குப் போனா அப்பவே எரிய ஆரம்பிச்சிருந்தது. அந்த மூணு வாரத்துலயே. உங்ககிட்ட சொல்லலாம்னு நினைச்சேன். நீங்கதான் மனசு மாறணும், மனசு மாறணும்னு பேசிக்கிட்டு இருந்தீங்க, என் மேலதான் கோளாறுன்னு விட்டுட்டேன். படிவத்தைப் பார்த்த அன்னைக்கு நீங்க எப்பவும் போல வந்து ஒரு கத்து கத்தியிருந்தா, நான் அப்பவே சொல்லியிருப்பேன். நாலு மாசம் அண்ணி. அப்பவே போயிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்னாரு டாக்டர்."

கத்திரிக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. தொழிற்சாலையை, அந்த அதிகாரியை, பச்சை மையை. எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எதிரே நிற்கிறவள் கேட்டது அவர்களை அல்ல.

"ஆமாடி" என்றாள். "சொல்லியிருக்கணும்."

பேருந்து வந்தது. நாத்தனார் முதலில் ஏறி, சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். கத்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.